பழைய டிஸ்க்கில் இல்லாத பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு திங்கட்கிழமை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இறாலைச் சுத்தம் செய்து உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸில் இருக்கிறேன். டைம் ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மெயின் கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். யார் வேலைக்கு வந்தார்கள், யார் லீவு, யாருக்கு ஓவர்டைம் என்று பார்ப்பது என் வேலை. வாசலில் விரல் வைக்கும் மெஷினில் பதிவாவதெல்லாம் என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது ஒரு பழைய பெட்டி. காலையில் ஆன் செய்துவிட்டு, கேன்டீனுக்குப் போய் டீ குடித்து, நாலு பேரோடு பேசிவிட்டுத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். சம்பளக் கணக்குப் போடுகிற வாரம் வந்தால் எனக்கு அழுகையே வரும். மேனேஜரிடம் புலம்பிப் புலம்பி, கடைசியில் பொன்னேரியிலிருந்து ஒரு சர்வீஸ்காரரை வரவழைத்தார்கள்.

அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினார். செங்கல்லில் பாதி அளவு இருந்தது. "இதுக்குள்ள தட்டு சுத்தி சுத்திதான் மேடம் எல்லாத்தையும் தேடணும். அதான் இவ்ளோ நேரம்" என்றார். பிறகு கைப்பையிலிருந்து எஸ்.எஸ்.டி. என்று ஒன்றை எடுத்தார். சீட்டுக்கட்டை விட மெல்லிசு. அதில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லையாம். பழையதில் இருந்ததை அப்படியே புதியதில் நகல் எடுத்துப் போட்டார். மறுபடி ஆன் செய்தபோது நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது. சிரித்துவிட்டேன்.

"பழச என்ன பண்றது?" என்று கேட்டேன். பல வருட வருகைப் பதிவு அதில் இருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

"அது பாட்டுக்கு உள்ளயே கெடக்கட்டும் மேடம். ரெண்டும் ஒரே பெட்டில இருக்கலாம், ஒண்ணும் ஆவாது. புதுசுல கம்ப்யூட்டர் ஓடட்டும், பழசு குடோன் மாதிரி. புதுசு என்னைக்காவது மக்கர் பண்ணாக்கூட பழசு தானா எழுந்துக்கும்."

இரண்டு பக்கமும் பாதுகாப்பு. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அன்று சாயங்காலமே, திரையில் இருந்த மகளின் பழைய போட்டோவை எடுத்துவிட்டு, அவள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது புது யூனிஃபார்மில் எடுத்த போட்டோவை வைத்தேன்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். அந்தத் திங்கட்கிழமை காலை நல்ல மழை. நான் வருவதற்குள் கரண்ட் இரண்டு தடவை போய் வந்திருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பழைய கரகரப்புச் சத்தம். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் குடையோடு நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவருக்கு விரல் ஈரமாக இருப்பதால் மெஷின் எடுக்கவில்லை, இன்னொருவருக்கு ஐ.டி. கார்டு தொலைந்துவிட்டது. ஒருவழியாகத் திரை வந்தபோது அதில் மகளின் பழைய போட்டோ இருந்தது. 'இது என்ன, தானாக மாறிவிட்டது' என்று ஒரு நொடி நினைத்தேன். கம்ப்யூட்டர்தானே, எதையாவது செய்யும். வருகைப் பதிவைத் திறந்தேன். அன்றைய தேதி சரியாக இருந்தது, ஆட்கள் வந்த நேரமெல்லாம் வரிசையாக விழுந்தன. அதோடு அதை மறந்துவிட்டேன்.

பதினோரு மணி வாக்கில் சைரன் அலறியது.

எங்கள் கம்பெனியில் குளிரூட்டுவதற்கு அம்மோனியா வாயு. அது கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மாதா மாதம் ஒத்திகை நடக்கும். வழக்கமாகச் சைரன் அடித்தால் பெண்கள் சிரித்துக்கொண்டேதான் வெளியே வருவார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. காற்று ஒரு சுற்று சுற்றியதும் எனக்கே அந்த நெடி வந்துவிட்டது. மூக்கில் ஏறிய வேகத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தொண்டைக்குள் யாரோ கையை விட்டது போல் இருந்தது.

சைரன் அடித்தால் என் வேலை ஒன்றே ஒன்றுதான். அந்த நிமிடம் உள்ளே இருப்பவர்களின் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே ஆட்கள் கூடுமிடத்துக்கு ஓட வேண்டும். பட்டனை அழுத்தினேன். தாள்கள் வந்தன. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

வெளியே தூறலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கம் பூட்ஸ். யார் யார் என்றே தெரியாத அளவுக்கு எல்லோரும் ஒரே மாதிரி. சேஃப்டி ஆபீசர், திருவள்ளூரிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர், காற்று வீசும் பக்கத்தைப் பார்த்து எல்லோரையும் எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்தினார். என்னிடமிருந்து தாள்களை வாங்கி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். இருமிக்கொண்டே ஆட்கள் குரல் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் குரல் வரும் வரை எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. கடைசிப் பெயருக்கும் பதில் வந்தது.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு" என்று அவர் சத்தமாகச் சொன்னார். கூட்டத்தில் பெரிதாக ஒரு மூச்சு விடும் சத்தம். சிலர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் போனை எடுத்து மேனேஜரிடம் அதையே சொன்னார். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது, அது வந்ததும் வால்வை அடைத்துக்கொள்ளலாம், அதுவரை யாரும் உள்ளே போக வேண்டாம் என்று முடிவாயிற்று.

அப்போது ஒரு பெண் என் கையைத் தொட்டாள். புதிதாகச் சேர்ந்தவள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அக்கா, எம்பேரு கூப்டவே இல்லியே. நான் வூட்டுக்குப் போலாமா, இல்ல இங்கயே நிக்கணுமா?"

"நீ கவனிச்சிருக்க மாட்ட" என்று சொல்லிக்கொண்டே சேஃப்டி ஆபீசர் கையிலிருந்த தாள்களை வாங்கிப் பார்த்தேன். அவள் பெயர் இல்லை. முதலிலிருந்து பார்த்தேன். இல்லை. அவளோடு சேர்ந்த இன்னொரு பெண்ணின் பெயரைத் தேடினேன். அதுவும் இல்லை.

காலையில் திரையில் பார்த்த போட்டோ, அந்தக் கரகரப்பு, சுற்றிக்கொண்டே இருந்த வட்டம், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. கம்ப்யூட்டர் அன்று புதிய டிஸ்க்கில் எழுந்திருக்கவில்லை. சர்வீஸ்காரர் சொன்ன மாதிரியே பழையது தானாக எழுந்துவிட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்பு நகல் எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படி. அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களின் பெயரை நான் ஏற்றியது புதியதில். பழைய டிஸ்க்குக்கு அவர்களை யாரென்றே தெரியாது. அவர்கள் விரல் வைத்து உள்ளே போயிருந்தாலும், அதைப் பொறுத்தவரை அப்படி யாரும் உள்ளே போகவில்லை.

அந்த ஒரு மாதத்தில் சேர்ந்தவர்கள் ஐந்து பெண்கள். நான்தான் அவர்களை உட்கார வைத்து விரல் ரேகையைப் பதிவு செய்தேன். கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாஸ்க்கை இறக்கச் சொன்னேன். கேள்வி கேட்டவளோடு சேர்த்து நான்கு பேர் கிடைத்தார்கள். ஐந்தாவது பெண்ணைக் காணோம்.

அவளை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பழவேற்காடு பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண், புருவத்தில் ஒரு தழும்பு. நண்டும் வலையுமாக இருந்த கை, ரேகையே தேய்ந்து போயிருந்தது. எந்த விரலை வைத்தாலும் மெஷின் எடுக்கவில்லை. கடைசியில் இடது கை மோதிர விரல்தான் எடுத்தது. "இந்த வெரலுக்குத்தான் வேல குடுத்தீங்களா?" என்று சிரித்தாள்.

பேக்கிங் சூப்பர்வைசரிடம் ஓடிக் கேட்டேன். "அவள இன்னைலேர்ந்து கிரேடிங்குக்குப் போவச் சொல்லி சனிக்கிழமையே அனுப்பிட்டேனே" என்றார். இறாலை அளவு வாரியாகப் பிரிக்கிற கிரேடிங் பகுதியின் சூப்பர்வைசர், "இங்க வரல. பேக்கிங்லயே வெச்சுக்கினாங்கன்னு நெனச்சேன்" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சேஃப்டி ஆபீசரிடம் போய் நின்றேன்.

"சார், இந்த லிஸ்ட் தப்பு."

"என்னம்மா சொல்றீங்க? இன்னைக்குத் தேதிதானே போட்டிருக்கு?"

"தேதி சரி சார். ஆளுங்க பழசு." கோர்வை இல்லாமல் டிஸ்க், நகல் என்று ஏதேதோ சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "ஒரு பொண்ணு பேரு லிஸ்ட்லயே இல்ல. வெளியிலயும் இல்ல" என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னைக்கு அவங்க வேலைக்கு வந்தாங்களா? அது நிச்சயமா தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் கொடுமை. காலையில் ஜன்னலில் அத்தனை கூட்டம். அவள் வந்தாளா, மழைக்குப் பயந்து வராமல் இருந்துவிட்டாளா? போன் செய்து பார்க்கவும் வழியில்லை. அவள் நம்பர் இருந்தது புதிய டிஸ்க்கில், அது தெரிந்த பெண்களின் போன்களோ உள்ளே லாக்கரில். நான் சொல்வதை நம்பி அந்த வாயுவுக்குள் இரண்டு பேர் போக வேண்டும். அவள் குப்பத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தால்? போகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு நிமிடமும் யாரோ என் மேல் ஒரு கல்லை ஏற்றுகிற மாதிரி இருந்தது.

சட்டென்று கம்பெனி வேன் ஞாபகம் வந்தது. பழவேற்காடு பக்கத்துப் பெண்களை அழைத்துவரும் டிரைவர் அண்ணன், ரோட்டோரம் டார்பாலின் அடியில் நின்றிருந்தார். ஓடிப் போய், புருவத்தில் தழும்பு இருக்குமே அந்தப் பெண் இன்று வேனில் ஏறினாளா என்று கேட்டேன்.

"இன்னாம்மா இப்டி கேக்குற? ஏறாம? எம் பின்னாடி சீட்லதான் குந்திகினு வந்துச்சு. தல வலிக்குதுன்னு கண்ண மூடிக்கினே வந்துச்சு, பாவம். நடுவுல நிறுத்தி டீ கூட வாங்கிக் குடுத்தேன். ஏன், இன்னா ஆச்சு?"

தலைவலி. அப்படியானால் உள்ளே போனவள் கிரேடிங்குக்குப் போகாமல், கொஞ்ச நேரம் சாய்ந்துவிட்டு வரலாம் என்று உடை மாற்றும் அறைக்குப் போயிருக்கலாம். அது கட்டிடத்தின் பின்பக்கம். அம்மோனியா டேங்க் இருக்கிற பக்கம்.

திரும்பி ஓடும்போது ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சேஃப்டி ஆபீசர் தீயணைப்பு வண்டிக்குக் காத்திருக்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரும் முகக்கவசமும் எங்களிடம் இரண்டு செட் இருந்தன. ஒன்றை அவர் மாட்டிக்கொண்டார். இன்னொன்றை எடுத்தவர் கூலிங் பிரிவில் வேலை செய்யும் ஆரம்பாக்கத்துக்காரர். அவர் ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தார். அவரிடம், "அண்ணா, நூத்துக்கு நூறு அங்கதான் இருக்கான்னு என்னால சொல்ல முடியல" என்றேன். அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

"அத வுடும்மா. எந்த ரூமு, அத மட்டும் சொல்லு."

சொன்னேன். இருவரும் போனார்கள்.

அடுத்து எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. தூறல் நின்று மறுபடி பிடித்தது. அவளோடு வேனில் வரும் பெண்கள் சிலர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்திருந்தார்கள். அவளுக்கு இரண்டாவது படிக்கிற ஒரு பையன் இருப்பதாக அவர்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள். ஏன் அதை அப்போது சொன்னாள் என்று எனக்குக் கோபமாக வந்தது. கையில் இருந்த தாள்கள் நனைந்து கிழிந்து போயிருந்தன. கீழே போடத் தோன்றாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிடும்போதே, 'ஐயோ, அவள் உள்ளே இருக்க வேண்டும் என்று வேண்டுவதா, இருக்கக்கூடாது என்று வேண்டுவதா' என்று குழப்பம்.

முதலில் ஆரம்பாக்கத்து அண்ணனின் மஞ்சள் சிலிண்டர்தான் தெரிந்தது. பின்னால் சேஃப்டி ஆபீசர். இருவருக்கும் நடுவில், இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நனைந்தபடி அவள். தொப்பிகூடக் கழலவில்லை. முகத்தைச் சுற்றி ஈரத் துணி. கால் தரையில் பட்டும் படாமலும் இழுபட்டது. ஆனால் அசைந்தது. அவள் கால் அசைவதைப் பார்த்தபோதுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கண் சிவந்து வீங்கியிருந்தது, பேச்சு வரவில்லை. சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூச்சுக்குழாயில் லேசான புண், வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதாகச் செய்தி வந்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் சர்வீஸ்காரர் வந்தார். பெட்டியைத் திறந்தார். புதிய டிஸ்க்கின் ஒயர் லேசாக நெகிழ்ந்திருந்தது. அதனால் கம்ப்யூட்டருக்குப் புதியது கண்ணிலேயே படவில்லை. பக்கத்தில் முழு விண்டோஸோடு பழையது இருந்ததால், ஒரு வார்த்தை சொல்லாமல் அதில் எழுந்துவிட்டது. பெயர் தெரியாத விரல் பதிவுகளை அந்த மென்பொருள் சத்தமில்லாமல் தள்ளிவிடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "ரெண்டையும் ஒண்ணா வெச்சது தப்பில்ல மேடம். நகல் எடுத்ததுக்கு அப்புறம் பழசுல இருந்த விண்டோஸ அழிச்சிருக்கணும். இது எழுந்திருக்காம நின்னிருந்தா நீங்க அப்பவே என்னைக் கூப்ட்டிருப்பீங்க" என்றார். தப்பைத் தானே ஒத்துக்கொண்டவரைத் திட்டத் தோன்றவில்லை. பழைய டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து, பழைய வருடங்களின் பதிவுகளை மட்டும் அதில் ஏற்றிக் கொடுத்தார். இப்போதும் இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. எங்கள் சேஃப்டி ஆபீசர் அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் தாளை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் ஆட்களைத் தலை எண்ணிச் சொல்ல வேண்டும், ஆளை மாற்றினால் கூடவே போய் ஒப்படைக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

அந்தப் பெண் தை மாதம் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். டிபன் பாக்ஸில் எனக்கு வறுத்த மீன் கொண்டுவந்திருந்தாள். உள்ளே எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டேன். சைரன் கேட்டு உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தாளாம். நடையில் நெடி அடித்ததும் திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, அங்கே தொங்கிய கோட்டுகளை நனைத்துக் கதவிடுக்கில் திணித்தாளாம். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அதன் அடியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

"பயமா இல்லியா?"

"கொஞ்சம் இருந்துச்சு. ஆனா எங்க ஊர்ல போட்டுங்க திரும்பறப்ப, கரையில நிக்கிறவங்க ஆள எண்ணிக்கினே இருப்பாங்கக்கா. ஒருத்தர் கொறஞ்சாலும் யாரும் வூட்டுக்குப் போவ மாட்டாங்க. இங்கயும் வெளிய எண்ணுவாங்க, நான் இல்லன்னு தெரிஞ்சுடும்னு நெனச்சேன். அதான் கதவத் தொறக்காம குந்திகினு இருந்தேன்."

நான் டிபன் பாக்ஸை வாங்கி மேஜை மேல் வைத்தேன். நாங்கள் எண்ணத்தான் செய்தோம், அவள் இல்லாமலே எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பிற்பாடு மற்றவர்கள் சொல்லியிருக்கலாம். என் வாயால் நான் சொல்லவில்லை.

இன்றைக்கும் புதிதாக ஒரு பெண்ணை உட்கார வைத்து விரல் ரேகையைப் பதிவு செய்து, பெயரை ஏற்றும்போதெல்லாம், கதவைச் சாத்திக்கொண்டு நம்மை நம்பி ஒருத்தி உள்ளே காத்திருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பு என்னைவிட்டு எப்போதும் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் இப்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.